சேரான் முதல் ரெங்காஸ் வரை: தொட்டால் பகைக்கும் மரங்களும் அவற்றின் பெயர்களும்



சென்ற ஆண்டுச் சொற்பொழிவின் முடிவில் மாணவி ஒருத்தி எழுந்து ஒரு வினாத் தொடுத்தாள். ஆங்கிலக் கதைகளிலும் அறிவியல் பாடங்களிலும் வரும் 'பாய்சன் ஐவி' என்னும் கொடிக்குத் தமிழில் என்ன பெயர் என்பது அவ்வினா. அவையிலிருந்தோர் உடனே பல சொற்களை முன்வைத்தனர். 'நச்சுப் படர்கொடி' என்றார் ஒருவர். 'அரிப்புக்கொடி' என்றார் மற்றொருவர். அன்று நாம் விடை கூறவில்லை. வட அமெரிக்காவின் வேலியோரங்களில் வளரும் அக்கொடி தமிழகத்திலும் இல்லை, மலேசியாவிலும் இல்லை. கண்டறியாத கொடிக்குப் பெயர் புனைவது எளிது. ஆனால் அக்கொடியின் உறவுமரங்கள் நம் முன்னோர் வாழ்ந்த ஊரிலும் உண்டு. நாம் வாழும் பேராக்கிலும் உண்டு. அவற்றின் பெயர்களை நாம் அறிவோமா என்பதே முதலில் கேட்க வேண்டிய வினா. இன்றைய உரை அதற்கு விடை காணும் முயற்சி. இது சொல்லாராய்ச்சியாகத் தொடங்கினும், தோலைக் காத்துக்கொள்ளும் வழியில் சென்று முடியும். இரண்டும் வேறல்ல என்பதைக் காட்டுவதே நம் நோக்கம்.

காஞ்சொறியும் சேரானும்

தொட்டால் உடம்பில் துன்பம் விளைக்கும் செடிமரங்களைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். அவை இருவகைப்படும். முதல்வகைக்குக் காஞ்சொறி எடுத்துக்காட்டு. செந்தட்டி என்றும் இதனை வழங்குவர். மலாய் மொழியில் ஜெலாதாங் எனப்படும் செடிகளும் இவ்வகையினவே. இவற்றின் இலைமேல் நுண்ணிய ஊசிமயிர்கள் உள்ளன. கை பட்ட நொடியிலேயே அவை குத்தி எரிச்சலூட்டும். ஒருமுறை தொட்ட குழந்தை மறுமுறை தொடாது. இச்செடி தன் பாடத்தைத் தானே கற்பித்துவிடுகிறது.

இரண்டாம் வகைக்குச் சேராங்கொட்டை எடுத்துக்காட்டு. சேங்கொட்டை, சேரான் என்றும் பெயர்பெறும் இம்மரத்தின் காய்த்தோட்டில் கரிய நெய் ஒன்று உண்டு. அது மேலே பட்டவுடன் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எரிவதில்லை, வலிப்பதில்லை. ஒரு நாளோ இரண்டு நாளோ கழிந்த பின்னரே தோல் சிவந்து தடித்து, தாங்கவொண்ணா அரிப்போடு கொப்புளம் கிளம்பும். 'பாய்சன் ஐவி' செய்வதும் இதுவே. மூன்றாம் நாள் துன்புறுவோன் முதல்நாள் தொட்டதை நினைவுகூர்வதில்லை. அன்று உண்ட மீனையோ, குளித்த ஆற்றையோ, அண்டை வீட்டாரின் கண்ணேற்றையோ காரணமாகக் கொள்வான்.

இதில் மற்றொரு மயக்கமும் உண்டு. இது தீப்போலச் சுடும் நஞ்சன்று. உடலின் காப்பாற்றலே மாறுபட்டு எழுப்பும் ஒவ்வாமை. ஆகவே முதன்முறை தொட்டபோது ஒன்றும் நேராமல் போகலாம். அல்லது ஒரு வாரத்துக்கும் மேலாகிய பின் தோன்றலாம். உடல் அந்நெய்யை ஒருமுறை 'அறிந்துகொண்ட' பின், அடுத்தமுறை விரைந்தும் கடுமையாகவும் வெளிப்படும். "நான் தொட்டேன், எனக்கொன்றும் ஆகவில்லை" என்று சொல்பவரே மறுமுறை படுக்கையில் கிடப்பர்.

இங்கேதான் மொழி தொழிற்படுகிறது. காஞ்சொறியை அறியப் பட்டறிவே போதும். சேரானை அறியப் பட்டறிவு போதாது; இன்று கிளம்பிய கொப்புளத்தையும் முந்தாநாள் தொட்ட மரத்தையும் இணைத்துக் காட்டும் ஒரு பெயர் வேண்டும். அப்பெயரை மூத்தோர் இளையோர்க்குச் சொல்லியிருக்கவும் வேண்டும். இவ்வகை மரங்களுக்குப் பெயரே முதல் மருந்து என்று நாம் கூறுவது இதனால்தான்.

சே என்னும் ஓரெழுத்து

சேங்கொட்டை என்னும் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். மா என்பதோடு காய் சேர்ந்து மாங்காய் ஆவது போல, சே என்பதோடு கொட்டை சேர்ந்து சேங்கொட்டை ஆயிற்று. ஓரெழுத்து ஒருமொழியாகிய மரப்பெயரை அடுத்து மெல்லெழுத்து மிகுந்துள்ளது. தொல்காப்பியத்தின் உயிர்மயங்கியலில் சே என்னும் மரப்பெயர் புணரும் முறைக்கெனத் தனி நூற்பாவே உள்ளது. அங்குக் கூறப்படும் மரத்தைச் சேங்கொட்டை மரமெனக் கொள்வது பொருந்தும் என்பது நம் கருத்து. அவ்வாறாயின் இம்மரத்தின் பெயர் நம் மொழியின் மிகப் பழைய இலக்கண நூலிலேயே இடம்பெற்ற ஒன்றாகும்.

உறவுமொழிகளை நோக்கின் இன்னும் தெளிவு பிறக்கிறது. மலையாளத்தில் சேரு, கன்னடத்தில் கேரு. தமிழிலும் மலையாளத்திலும் சகரம் வருமிடத்துக் கன்னடத்தில் ககரம் நிற்பது திராவிட ஒப்பிலக்கணம் கற்றோர் அறிந்த செய்தி. நம் செவி அங்குக் கிவி. நம் சேரி அங்குக் கேரி. அவ்வழியே சேர், கேர் என்பனவும் ஒரே வேரினின்று கிளைத்தவை. இம்மொழிகள் பிரிந்து செல்வதற்கு முன்பே நம் பொது முன்னோர் இம்மரத்தை அறிந்து, பெயரிட்டு, அஞ்சியும் வாழ்ந்தனர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

அப்பெயர் எவ்வளவு உயிர்ப்புடையது என்பதற்கு முந்திரியின் வரலாறு தக்க எடுத்துக்காட்டு. முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரால் இந்தியக் கடற்கரைக்கு வந்தது. அதன் கொட்டைத்தோட்டிலும் தோலைப் புண்ணாக்கும் நெய் உண்டு. இப்புதிய மரத்துக்குப் பெயர் தேடிய கன்னடர், கடற்கரைப் பகுதிகளில் அதனையும் கேரு என்றே அழைத்தனர். தெலுங்கர் சேங்கொட்டைக்குரிய தம் சொல்லாகிய ஜீடி என்பதனோடு மாமரத்தின் பெயரையும் சேர்த்து ஜீடிமாமிடி என்றனர். சேங்கொட்டை, முந்திரி, மா ஆகிய மூன்றும் ஒரே குடும்பம் என்று மேலைநாட்டுத் தாவரநூலார் வகுத்துரைப்பதற்கு முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத உழவர் ஒரே சொல்லில் அதனை உரைத்துவிட்டனர். அவர்க்கு அதனைக் கற்பித்தது அவர்தம் கைத்தோல். இன்றும் கொல்லத்து முந்திரி ஆலைகளில் கொட்டையுடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையும் ஆமணக்கெண்ணெயையும் பூசிக்கொள்ளும் வழக்கம் அப்பழைய அறிவின் தொடர்ச்சியே.

புண்செய்வது, குறியிடுவது, நோய் தீர்ப்பது

வடமொழியில் இதற்குப் பல்லாதகம் என்று பெயர். அருஷ்கரம் என்பது மற்றொரு பெயர். 'புண்ணை உண்டாக்குவது' என்பது அதன் பொருள். மருத்துவர் எழுத வேண்டிய குறிப்பைப் பெயரே எழுதிவிட்டது. ஆயினும் சித்தமும் ஆயுர்வேதமும் இதனை ஒதுக்கிவிடவில்லை. மூக்கை நறுக்கி, செங்கற்பொடியில் புரட்டி நெய்யை வாங்கி, முறைப்படி தூய்மை செய்த பின்னரே மருந்தில் சேர்க்க வேண்டும் என்று விதித்தன. தூய்மை செய்யாத கொட்டை மருந்தன்று என்பதில் நம் பண்டை மருத்துவர் உறுதியாக இருந்தனர்.

பல்லாதகம் என்னும் சொல் வணிகரோடு மேற்கே சென்று அரபு மொழியில் பலாதுர் ஆயிற்று. நினைவாற்றலை வளர்க்கும் என்று நம்பி அங்கும் அதனை உண்டனர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த புகழ்பெற்ற வரலாற்றாசிரியர் அல்-பலாதுரியின் பெயர், அவர் குடும்பத்தார் ஒருவர் இக்கொட்டையின் சாற்றை உண்டு கேடுற்றதனால் வந்தது என்று மரபுவழிச் செய்தி கூறுகிறது. நம் ஊர்க்காட்டுக் கொட்டை ஒன்று உலக வரலாற்றறிஞர் ஒருவரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

சலவைத் தொழிலாளர் இந்நெய்யைக் கொண்டு துணியில் அடையாளக் குறியிட்டனர். எத்தனை முறை வெளுத்தாலும் அக்கறை போகாது. செமிகார்ப்பஸ் என்னும் இம்மரத்தின் தாவரவியற் பெயர்க்குக் கிரேக்க மொழியில் 'குறியிடும் கனி' என்பதே பொருள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கிய அமெரிக்கப் படைவீரர் பலர்க்குப் பிடரியிலும் இடுப்பிலும் காரணம் புலப்படாத கொப்புளங்கள் தோன்றின. படை மருத்துவர் ஆராய்ந்தபோது, சட்டையின் கழுத்துப் பட்டையிலும் காற்சட்டையின் இடுப்பிலும் இடப்பட்ட சலவைக் குறியே காரணம் எனத் தெரியவந்தது. 1943இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் அச்செய்தி வெளியாயிற்று. அமெரிக்கக் கொடியும் நம் சேரானும் உறவினர் என்பது இவ்வாறு சட்டைக் கழுத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. கொடியால் ஒவ்வாமை கொண்ட உடல், கண்டிராத கொட்டையையும் பகையென அறிந்துகொண்டது.

அவ்வுறவுக்குக் காரணமான நெய்ப்பொருளை உருஷியோல் என்பர். உருஷி என்பது ஜப்பானியரின் அரக்குப் பூச்சுக்குப் பெயர். அரக்கு மரத்தின் பாலை ஆராய்ந்து இப்பொருளின் கட்டமைப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிப்படுத்தியவர் மஜிமா ரிக்கோ என்னும் ஜப்பானிய வேதியியலார். அரக்கு மரம், அமெரிக்கக் கொடி, சேரான், முந்திரித்தோடு, மாம்பால் ஆகியவற்றிலெல்லாம் இப்பொருளோ இதற்கு நெருங்கிய பொருள்களோ உள்ளன. மாம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்னும் சிலர்க்கு உதட்டைச் சுற்றிப் புண் தோன்றுவதும் இதனாலேயே.

பேராக் வந்த தமிழரும் பெயர் தெரியாத மரமும்

இனி நம் ஊருக்கு வருவோம். குனோங் என்பது மலாயில் மலை. ராபாட் என்பது நெருக்கம். சுண்ணாம்புக்கல் மலைகள் தோளோடு தோள் சேர நெருங்கி நிற்கும் இக்கிந்தாப் பள்ளத்தாக்கு முதலில் ஈயத்தால் பெயர்பெற்றது. பின்னர் சுற்றிலும் ரப்பர் சூழ்ந்தது. 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ஒருசில கன்றுகள் பேராக்கில் ரப்பர் வரலாற்றின் தொடக்கம். அடுத்த நூற்றாண்டின் முதற்பகுதியில் ரப்பர் விலை ஏறவே காடுகள் தோட்டங்களாயின. 1907இல் ஏற்படுத்தப்பட்ட இந்தியக் குடியேற்ற நிதியின் துணையோடும் கங்காணிகளின் வழியாகவும் தமிழகத்து ஊர்களிலிருந்து பல்லாயிரவர் கப்பலேறினர். 1938இல் இந்திய அரசு தடைசெய்யும் வரை அவ்வரவு நீடித்தது.

வந்தவர் தம்மோடு சொற்களைக் கொண்டுவந்தனர். புதிய சொற்களையும் படைத்துக்கொண்டனர். பெரட்டு, கிராணி, மண்டோர், தீம்பார், மங்கு, ஒட்டுப்பால், ஆயக்கொட்டகை என நீளும் தோட்டத்துச் சொற்பட்டியல் இவ்வவையினர் பலர்க்கு மனப்பாடம். ஆனால் காட்டு மரங்களின் பெயர்கள் அவ்வளவு எளிதில் வந்து சேரவில்லை. பல இடங்களில் பெருமரங்களை வீழ்த்தியவர் மலாய்க்காரரும் சாவகத்தாருமே. களையெடுப்பதும் வடிகால் வெட்டுவதும் பால் மரம் வெட்டுவதும் தமிழரின் வேலையாயின. மரத்தை வெட்டுவோரிடமே மரத்தின் பெயர் தங்கும் அல்லவா?

அவ்வாறு தங்கிய பெயர்களுள் ஒன்று ரெங்காஸ். இது தனியொரு மரத்தின் பெயரன்று. மா, முந்திரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த, நஞ்சுப்பால் உடைய பல காட்டுமரங்களுக்கு மலாயில் இதுவே பொதுப்பெயர். லின்னேயசு 1771இல் குளூட்டா ரெங்காஸ் என்று தாவரவியற் பெயர் சூட்டியபோது உள்ளூர்ச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். நம் சேரானின் இனமாகிய செமிகார்ப்பஸ் மரங்கள் சிலவும் இங்கு ரெங்காஸ் என்றே வழங்கும். கன்னடர் கேரு என்னும் ஒரு சொல்லில் இரண்டு மரங்களை அடக்கியது போல, மலாய் மக்களும் தோல் கற்பித்த வகைப்பாட்டை ஒரு பெயரில் அடக்கியுள்ளனர். 1945 ஆகஸ்ட் 16 அன்று இந்தோனேசிய விடுதலை அறிவிப்புக்கு முதல்நாள் சுகார்னோவும் ஹத்தாவும் இளைஞர்களால் கொண்டுசெல்லப்பட்ட ரெங்காஸ்டெங்க்லோக் என்னும் ஊரின் பெயரிலும் இம்மரம் நிற்கிறது.

ரெங்காஸ் ஆற்றோரங்களிலும் சதுப்பிலும் காட்டிலும் வளரும். அடிமரம் செந்நிறம், கரிய வரிகள் ஓடும், அழகிய அறைகலன்கள் ஆகும். பட்டையில் காயம் பட்டால் கசியும் பால் காற்றுப்பட்டவுடன் கறுத்துவிடும். மரப்பட்டையில் மை வழிந்தாற்போல் கரிய தாரைகள் காணப்பட்டால் அதுவே எச்சரிக்கை. தோட்டத்துத் தமிழர்க்கு இங்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. மலாயில் கெத்தா என்பது மரப்பாலுக்கும் ரப்பருக்கும் பொது. தமிழிலும் பால் என்றோம். நாள்தோறும் கையில் வழிந்து சோறிட்ட பொருளின் பெயர் பால். பாலென்று பெயர்பெற்ற ஒன்று பகைக்கும் என்று அம்மக்கள் எவ்வாறு ஐயுறுவர்?

ஒரு விறகுக் கட்டின் கதை

நம் இளமையில் நேர்ந்த ஒன்றை இங்குக் கூறுவது பொருந்தும். 1960களின் பிற்பகுதி. நாம் வளர்ந்த தோட்டத்தை ஒட்டி ஓடிய ஆற்றின் கரையில் வெள்ளத்தில் ஒரு மரம் சாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் நம் சித்தப்பாவும் மற்றும் இருவரும் பாராங்கத்தி கொண்டு அதனைத் துண்டாக்கி, லயத்துக்கு விறகாகச் சுமந்துவந்தனர். கழுத்திலும் முன்கையிலும் கரும்பசை ஒட்டியிருந்தது. தோட்டத்து மக்கள் பசைக்கு அஞ்சுபவரல்லர், துண்டால் துடைத்துவிட்டனர்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பெரட்டுக்குச் சித்தப்பா எழவில்லை. முகம் வீங்கிக் கண்ணிமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கையிலும் கழுத்திலும் நீர்க்கொப்புளங்கள். பாட்டி பார்த்த மாத்திரத்தில் கைகூப்பினார். ஆத்தாள் வந்துவிட்டாள் என்றார். வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. தாளிப்பு நின்றது. சித்தப்பாவைத் தனியே கிடத்தினர். மற்ற இருவர்க்கும் அவ்வாறே ஆனது. மறுநாள் அவ்விறகை எரித்துச் சமைத்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் முகம் வீங்கி இருமல் கண்டது. அம்மை லயமெங்கும் பரவுகிறது என்று பலரும் அஞ்சினர்.

மாடு தேடி அவ்வழியே வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர்தாம் விறகுக் கட்டைக் கண்டு திடுக்கிட்டு நின்றார். அவர் சொன்னது ஒரே சொல்: ரெங்காஸ். எரிக்காதீர்கள், கத்தியைக் கழுவுங்கள், போட்டிருந்த துணியை வெளுங்கள் என்று அரைத் தமிழும் மலாயுமாக விளக்கினார். பிற்பகல் தோட்டத்து டிரெசர் வந்து கலமைன் நீர்மம் தடவினார். விறகை ஆடவர் கோணிச்சாக்கு சுற்றிய கைகளால் இழுத்துச் சென்று புதைத்தனர். சித்தப்பா தேறி வேலைக்குச் செல்ல ஏறக்குறைய மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரக் கூலியும் போயிற்று.

அன்றிலிருந்து அத்தோட்டத்தில் ஒரு புதிய தமிழ்ச்சொல் பிறந்தது. ரகரத்தில் சொல் தொடங்காது என்பது பழந்தமிழ் மரபு. ஆயினும் ரெங்கனும் ரெங்கசாமியும் நம் நாவுக்குப் பழகியவர்களே. ஆகவே பிள்ளைகளாகிய நாங்கள் அதனை 'ரெங்கசாமி மரம்' என்றோம். கறுப்புத் தாரை வழியும் மரத்தைக் கண்டால் "ரெங்கசாமி நிக்கிறாரு, கிட்டப் போகாதே" என்போம். மொழியியலார் இதனை மக்கட் சொல்லாக்கம் என்பர். அயற்சொல்லைத் தெரிந்த சொல்லாகத் திரித்து நினைவில் நிறுத்தும் முறை அது. இலக்கணப்படி பிழையெனினும், அச்சொல் பிறந்த பின் அந்த லயத்தில் அத்துன்பம் மீண்டும் நேர்ந்ததாக நமக்கு நினைவில்லை.

காப்பும் மருந்தும்

பெயரை அறிந்தபின் செய்யத்தக்கன எவை? கேரளத்தில் சேரு பட்டவர் தான்றி மரத்தைச் சுற்றிவருவதும், தான்றிப் பட்டை ஊறிய நீரால் கழுவுவதும் வழக்கம். சேருவின் பகையைத் தான்றி தீர்க்கும் என்பது நம்பிக்கை. நம் லயத்தில் வேப்பிலை கட்டினர். இவற்றை இகழ்தல் நம் நோக்கமன்று. நோயுற்றவரைத் தனியே ஓய்வில் வைத்து, குளிர்ந்த நீரால் கழுவி, பொறுமையோடு காத்திருக்கச் செய்தன என்ற அளவில் அவை நன்மையே செய்தன. இந்நோய் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தானே தணியும் இயல்பினது. ஆயினும் இன்றைய மருத்துவம் தெளிவுபடுத்தியுள்ள சில உண்மைகள் அன்று நமக்குத் தெரிந்திருந்தால் துன்பம் பெரிதும் குறைந்திருக்கும்.

முதலாவது, கழுவுதல். அந்நெய் தோலில் பதியச் சில நிமிடங்களே போதும். பட்டதை உணர்ந்த உடனே, இயன்றால் பத்து நிமிடங்களுக்குள், சவர்க்காரம் இட்டு ஓடும் குளிர்ந்த நீரில் கழுவ வேண்டும். நெய்ப்பொருளாதலின் வெறும் நீர் போதாது. துண்டால் துடைத்தல் பரப்பவே செய்யும். நேரம் கடந்தாலும் கழுவுதலில் பயனுண்டு. நகக்கண்ணை மறத்தலாகாது. அழுத்தித் தேய்த்தல் வேண்டா.

இரண்டாவது, கருவிகள். கத்தி, காலணி, கையுறை, துணி ஆகியவற்றில் படிந்த நெய் மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். அவற்றையும் தனியே கழுவ வேண்டும். இதில் ரப்பர்த் தோட்டத்தார் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மெல்லிய ரப்பர்க் கையுறை இந்நெய்யைத் தடுக்காது. அதனூடே கசிந்து தோலை அடையும். தடித்த வினைல் கையுறையும் நீண்ட கைச்சட்டையுமே தக்க காப்பு.

மூன்றாவது, புகை. காய்ந்த விறகிலும் நெய் உண்டு. எரித்தால் அது புகையோடு ஏறிக் கண்ணையும் மூச்சுக்குழலையும் தாக்கும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நேர்ந்தது தொற்றன்று, அடுப்புப் புகை.

நான்காவது, தொற்று என்னும் அச்சம். கொப்புளத்து நீரில் அந்நெய் இல்லை. அந்நீர் பட்டுப் பிறர்க்குப் பரவாது. உடம்பின் வேறிடத்துக்கும் பரவாது. தோல் மெல்லிய இடத்தில் விரைவாகவும் தடித்த இடத்தில் தாமதமாகவும், நெய் பட்ட அளவுக்கேற்பவும் வெவ்வேறு நாளில் கிளம்புவதால் பரவுவது போல் தோன்றுகிறது. அம்மையினின்று இதனைப் பிரித்தறிய ஒரு குறிப்பு: கிளை உரசிய வழியே கோடு கோடாகக் கொப்புளம் அமைவதும், மூடிய இடங்களை விட்டுத் திறந்த இடங்களில் மிகுவதும், பெரும்பாலும் காய்ச்சல் முந்தாமையும் மரத்தால் வந்ததன் அறிகுறிகள். ஐயமுள்ளபோது மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஐந்தாவது, தணிப்பு. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுவதும் கலமைன் தடவுவதும் அரிப்பை ஆற்றும். சிறு இடமாயின் மருந்தகத்தில் கிடைக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு உதவலாம். கொப்புளத்தைக் கிள்ளுதல் ஆகாது. அதன்மேல் அரைத்த பச்சிலை, சுண்ணாம்பு, காரமான எண்ணெய் முதலியவற்றைப் பூசுதலும் ஆகாது. முகம், கண், மறைவிடம் ஆகியவற்றில் கண்டாலும், உடம்பின் பெரும்பகுதியில் பரந்தாலும், சீழோ காய்ச்சலோ தோன்றினாலும் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அவர் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகளைச் சொன்ன நாள்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம், படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். சற்றே குணம் கண்டதும் நிறுத்தினால் நோய் மீண்டெழும். மூச்சுத் திணறல் தோன்றினால் ஒரு நொடியும் தாழ்க்காமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஓர் அகராதிப் பதிவு

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. லயத்து மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட்டனர். 'ரெங்கசாமி மரம்' என்று சொன்ன பிள்ளைகள் நம்மைப்போல் நரைத்துவிட்டனர். சொல் மறைகிறது, மரம் மறையவில்லை. ஆற்றோரம் உலாவச் செல்லும் மாணவர், புதிதாக நிலம் வாங்கித் துப்புரவு செய்வோர், மரவேலைப் பட்டறையில் பணிபுரிவோர் ஆகியோர் இன்றும் அதனைத் தொடுகின்றனர். ரெங்காஸ் மரத்தால் தொழிலாளர்க்கு நேர்ந்த தோல்நோய் பற்றி 1988இலும் சிங்கப்பூரிலிருந்து மருத்துவ அறிக்கை வெளிவந்துள்ளது. நகரத்தில் வளர்ந்த நம் பெயரப்பிள்ளைகள் அமெரிக்கக் கொடியின் பெயரை ஆங்கிலத்தில் அறிவர். தம் ஊர் மரத்தின் பெயரை எம்மொழியிலும் அறியார். சென்ற ஆண்டு அம்மாணவி கேட்ட வினா நம்மைக் கவலைக்குள்ளாக்கியது இதனாலேயே.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த மாபெரும் பணி. ஆனால் அக்காலத்தே பேராக்கின் லயங்களில் பிறந்துகொண்டிருந்த சொற்களைத் திரட்டுவது அதன் வேலையன்று. அது நம் வேலை. மலேசியத் தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும்போது பெரட்டையும் மங்கையும் மட்டும் பதிந்தால் போதாது. உயிர்க்கும் உடம்புக்கும் காப்பாகிய சொற்களை முதலில் பதிய வேண்டும். நம் மன்றத்தின் தொகுப்புக்கென நாம் முன்வைக்கும் பதிவு இது:

ரெங்காஸ், பெயர்ச்சொல், மலாய். பேச்சு வழக்கு: ரெங்கசாமி மரம். மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த நஞ்சுப்பால் மரங்களின் பொதுப்பெயர். பால் காற்றுப்பட்டால் கறுக்கும். உடம்பில் பட்டால் ஓரிரு நாள் கழித்துக் கொப்புளிக்கும். உடனே சவர்க்காரம் இட்டுக் கழுவுக. எரித்தலாகாது. ஒப்பு: சேரான், சேங்கொட்டை.

அகராதியில் அறிவுரை எழுதலாமா என்று புலவர் சிலர் கேட்கக்கூடும். புண்செய்வது என்று பொருள்படப் பெயரிட்டவர்களும், கேரு என்று முந்திரியைச் சுட்டியவர்களும் அதனையே செய்தனர். 'பாய்சன் ஐவி'க்குத் தமிழ்ப்பெயர் கேட்ட மாணவிக்கு இன்று நாம் தரும் விடை இதுவே: அதனை அமெரிக்கச் சேரான் என்று அழைக்கலாம். அப்பெயரைக் கேட்பவர் சேரான் என்றால் என்ன என்று வினவுவர். வினவினால் மூத்தோர் விளக்குவர். விளக்கும்போது ரெங்காஸும் நினைவுக்கு வரும்.

இங்கு அமர்ந்திருக்கும் மூத்தோர்க்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் இம்மரத்தை எப்பெயரால் அழைத்தீர்கள், பட்டவர்க்கு என்ன செய்தீர்கள் என்பதை மன்றத்தின் குறிப்பேட்டில் எழுதித் தாருங்கள். எழுத இயலாதோர் சொல்லுங்கள், நாம் எழுதிக்கொள்கிறோம்.